பதின்மூன்று தேர்தல், பதின்மூன்று எம்.பி.க்கள்: தருமபுரி யார் பக்கம்?

தருமபுரி என்றதும் வெளியூர் நண்பர்கள் சொல்லும் முதல் வார்த்தை "பா.ம.க. கோட்டை". தேர்தல் நேரத்துத் தொலைக்காட்சி விவாதங்களிலும் இதையேதான் சொல்வார்கள். இந்த ஊரிலேயே பிறந்து, இங்கேயே ஓட்டுப் போட்டு வருகிறவன் என்ற முறையில் இந்தப் பெயரை முழுதாக ஏற்கவும் முடியவில்லை, முழுதாக மறுக்கவும் முடியவில்லை. அதனால் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, ஊர் உண்மையில் எப்படி ஓட்டுப் போட்டிருக்கிறது என்று பார்ப்போம்.

1977 முதல் 2024 வரை தருமபுரி மக்களவைத் தொகுதி பதின்மூன்று பொதுத் தேர்தல்களைக் கண்டிருக்கிறது. 1977ல் காங்கிரசின் வாழப்பாடி ராமமூர்த்தி வென்றார். 1980ல் தி.மு.க.வின் அர்ஜுனன், 1984ல் அ.தி.மு.க.வின் தம்பிதுரை, 1989ல் அதே கட்சியின் எம்.ஜி.சேகர், 1991ல் காங்கிரசின் தங்கபாலு, 1996ல் தமிழ் மாநில காங்கிரசின் தீர்த்தராமன். பிறகு பா.ம.க.வின் காலம்: 1998ல் பாரிமோகன், 1999ல் இளங்கோவன், 2004ல் டாக்டர் செந்தில். 2009ல் தி.மு.க.வின் தாமரைச்செல்வன், 2014ல் பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸ், 2019ல் தி.மு.க.வின் டாக்டர் செந்தில்குமார், 2024ல் தி.மு.க.வின் வழக்கறிஞர் ஆ.மணி. பெயர்களை எண்ணிப் பாருங்கள், பதின்மூன்று. இந்த 47 ஆண்டுகளில் ஒரே ஆளை இரண்டாவது முறை டெல்லிக்கு அனுப்பியதில்லை இந்தத் தொகுதி.

அதே மண்ணில் பாலக்கோடு சட்டமன்றத் தொகுதி 2001, 2006, 2011, 2016, 2021 என ஐந்து முறை தொடர்ச்சியாக அ.தி.மு.க.வின் கே.பி.அன்பழகனையே தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆக, ஆளை மாற்றிக்கொண்டே இருப்பது இங்கத்திய மக்களின் சுபாவம் என்றும் சொல்லிவிட முடியாது. பக்கத்து ஊர்க்காரர், கல்யாணம் காரியத்துக்கு வந்து நிற்கிறவர் என்றால் விடமாட்டார்கள். டெல்லிக்குப் போகிறவரிடம் அந்த ஒட்டுதல் இல்லை. கட்சிகளும் பல முறை தாங்களே ஆளை மாற்றியிருக்கின்றன.

கோட்டை என்ற பேச்சு 1998ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பா.ம.க. அ.தி.மு.க.வோடும் பா.ஜ.க.வோடும் நின்று வென்றது. அடுத்த ஆண்டே தி.மு.க.வோடும் பா.ஜ.க.வோடும் நின்று வென்றது. 2004ல் தி.மு.க., காங்கிரஸ் அணியில் நின்று வென்றது. மூன்று வெற்றிக்கும் கூட்டாளி வேறு வேறு. 2009ல் அ.தி.மு.க.வோடு நின்றபோது மட்டும் தி.மு.க.விடம் ஒரு லட்சத்துக்கும் மேலான வித்தியாசத்தில் தோற்றது. அதாவது, கட்சிக்கென்று உறுதியான ஓட்டு இங்கே உண்டு, ஆனால் அது தனியாகக் கரை சேர்க்கப் போதாது. பெரிய கட்சிகளில் ஒன்றின் ஓட்டு கூடச் சேர வேண்டும், அல்லது எதிர் ஓட்டு இரண்டாகப் பிரிய வேண்டும்.

2014ல் நடந்தது இரண்டாவது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ ஜெயலலிதா அள்ளிக்கொண்டு போன தேர்தல் அது. தப்பியவை இரண்டு, ஒன்று கன்னியாகுமரி, இன்னொன்று எங்கள் தருமபுரி. அன்புமணி சுமார் 4.68 லட்சம் ஓட்டு வாங்கினார். அ.தி.மு.க. 3.91 லட்சம். தி.மு.க. 1.80 லட்சத்தோடு மூன்றாம் இடத்துக்குப் போனது.

2019ல் பா.ம.க.வும் அ.தி.மு.க.வும் ஒரே அணி. முந்தைய தேர்தலில் இரண்டும் தனித்தனியாக வாங்கியதைக் கூட்டினால் எட்டரை லட்சத்தைத் தாண்டும். காகிதத்தில் அசைக்க முடியாத வெற்றி. எண்ணி முடித்தபோது அன்புமணிக்குக் கிடைத்தது 5.04 லட்சம்தான். 5.75 லட்சம் வாங்கி செந்தில்குமார் சுமார் 70 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். மூன்றரை லட்சம் ஓட்டு எங்கே போனது? ஒரு பகுதி தினகரனின் அ.ம.மு.க.வுக்குப் போனது, அது ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல். மீதியில் பெரும்பகுதி அணி தாண்டிப் போயிருக்கிறது.

இதற்கு இன்னும் அழுத்தமான சான்று அதே நாளில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இரண்டுக்கும் சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. அந்த இரண்டு இடங்களின் எம்.எல்.ஏ.க்களும் 2017ல் தகுதி நீக்கப்பட்ட அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 18 பேரில் இருந்தவர்கள். ஒரே சாவடி, ஒரே விரல் மை, இரண்டு இயந்திரம். இடைத்தேர்தல் இரண்டிலும் இரட்டை இலை ஜெயித்தது. மக்களவையில் உதயசூரியன் ஜெயித்தது. தலைவர்கள் மேடையில் கைகோத்ததும் தொண்டர் ஓட்டு அப்படியே இடம் மாறும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு நாளைப் பார்த்தால் போதும். இரட்டை இலைக்குப் பழகிய கை எல்லாம் பா.ம.க.வின் மாம்பழத்துக்குப் போகவில்லை. உள்ளூரில் முப்பது வருடமாக எதிரெதிர்க் கொடிக்கம்பம் நட்டவர்கள், ஒரு மாதத்தில் சம்பந்திகளாகிவிட மாட்டார்கள்.

2024ல் மூன்றும் தனித்தனி. தி.மு.க. 4.33 லட்சம், பா.ஜ.க. அணியில் நின்ற பா.ம.க.வின் சௌமியா அன்புமணி 4.11 லட்சம், அ.தி.மு.க. 2.94 லட்சம். வித்தியாசம் 21,300. எண்ணிக்கை நாளன்று பல சுற்றுகள் சௌமியாவே முன்னே இருந்தார். பின்னால் வந்த சுற்றுகளில் மணி தாண்டிப் போனார். வென்றவருக்குக் கிடைத்தது பதிவான ஓட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். இதை எந்தக் கட்சியின் கோட்டை என்பது? பெரும்பாலான சமயம் இங்கே மூன்று வலுவான தரப்புகள் உண்டு. எந்த இரண்டு சேர்கின்றன, சேர்ந்தவை மனதாரச் சேர்கின்றனவா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. நான் சொல்ல வருவதும் அதுதான்.

இப்போது அந்த மூன்று தரப்பும் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். முதலில் ஊரின் அளவைச் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி நகராட்சியின் மக்கள்தொகை 68,619. மாவட்டத்துக்கு 15 லட்சம். மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேருக்கு மேல் கிராமத்தில் இருக்கிறார்கள். நான்கு ரோட்டில் நின்று நூறு பேரைக் கேட்டால் அதில் பாதிப் பேர் பென்னாகரம், இண்டூர், பாப்பாரப்பட்டி, கம்பைநல்லூர் பஸ்சுக்குக் காத்திருப்பவர்களாக இருப்பார்கள். கடைவீதியின் அரசியல் வேறு, கிராமத்தின் அரசியல் வேறு. 2021ல் தருமபுரி சட்டமன்றத் தொகுதி பா.ம.க.வின் எஸ்.பி.வெங்கடேஸ்வரனைத் தேர்ந்தெடுத்தது. பத்தே மாதத்தில், 2022 பிப்ரவரியில், 33 வார்டுகள் கொண்ட நகராட்சி தி.மு.க. கைக்குப் போனது. வணிகர்கள், அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், இஸ்லாமியர்கள், தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிறவர்கள் எல்லாம் நெருக்கமாக வாழும் இடம் நகரம். அங்கே எந்த ஒரு சமூகத்தின் குரலும் தனித்து ஓங்குவதில்லை. அந்தச் சட்டமன்றத் தொகுதியிலும் 2006ல் பா.ம.க., 2011ல் தே.மு.தி.க., 2016ல் தி.மு.க., 2021ல் மறுபடி பா.ம.க. என்று ஒவ்வொரு முறையும் கட்சி மாறியிருக்கிறது.

கிராமத்துக்கு வருவோம். வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் அடிக்கடி தடுமாறும் ஒரு சொல் "கவுண்டர்". கோவை, ஈரோடு பக்கம் அந்தப் பட்டம் கொங்கு வேளாளரைக் குறிக்கும். இங்கே வன்னியர்களும் கவுண்டர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பென்னாகரம், தருமபுரி, மேட்டூர் பக்கம் வன்னியர் எண்ணிக்கை அதிகம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் போகப்போக கொங்கு வேளாளர், பட்டியல் சமூகத்தார், சித்தேரி மலையின் மலையாளிப் பழங்குடிகள் என்று கலவை மாறும். பா.ம.க.வின் வேர் முதல் பகுதியில். அ.தி.மு.க.வின் பழைய எம்.ஜி.ஆர். ஓட்டு எல்லாப் பகுதியிலும், எல்லாச் சமூகத்திலும் பரவியிருக்கிறது, பெண்களிடம் இன்னும் கூடுதலாக. 2000 பிப்ரவரி 2ல் இலக்கியம்பட்டியில் கல்லூரிப் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் உயிரோடு கருகினார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் அ.தி.மு.க.வினர். ஆனாலும் அடுத்த ஆண்டு பாலக்கோடு அ.தி.மு.க.வைத்தான் தேர்ந்தெடுத்தது. ஒரு குடும்பம் தலைமுறையாக வைத்திருக்கும் சின்னப் பற்று எவ்வளவு ஆழமானது என்பதை அப்போதுதான் நான் உணர்ந்தேன்.

வன்னியர் ஓட்டின் கதை 1987 செப்டம்பரில் தொடங்குகிறது. இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வார சாலை மறியலில், துப்பாக்கிச் சூட்டிலும் தாக்குதலிலும் 21 பேர் உயிர் விட்டார்கள். 1989ல் கருணாநிதி அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் ஒதுக்கியது. அதே ஆண்டு ஜூலை 16ல் பா.ம.க. பிறந்தது. வானம் பார்த்த காடும், கேழ்வரகும் கொள்ளும், படிக்காத அப்பனும் அம்மாவும் இருந்த வீட்டுப் பையன்களுக்கு இந்த ஒதுக்கீடு என்ன கொடுத்தது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். என்னோடு படித்தவர்களில் ஆசிரியர் ஆனவர்கள், வி.ஏ.ஓ. ஆனவர்கள் பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்தான். 2011 கணக்கெடுப்பில்கூட எழுத்தறிவு 68.5 சதவீதம் என்று மாநிலத்திலேயே கடைசியில் நின்ற மாவட்டம் இது. ஒரு சமூகம் படிப்புக்கும் வேலைக்கும் வழி கேட்டுக் கட்சி கட்டியதை வெறும் சாதி வெறி என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குவது நியாயம் இல்லை.

2021 தேர்தலையும் இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மாநிலம் முழுக்கத் தி.மு.க. அணி 159 இடம் பிடித்தபோது தருமபுரி மாவட்டத்தின் ஐந்து இடங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பா.ம.க. மாநிலம் முழுவதும் வென்ற ஐந்து இடங்களில் பென்னாகரம், தருமபுரி, மேட்டூர் என்று மூன்று இந்த மக்களவைத் தொகுதிக்குள்ளேயே இருந்தன. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட 2021 பிப்ரவரி 26ஆம் தேதியே வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி பக்கத்துச் சேலம் மாவட்டத்துக்காரர். இந்த முறை இரட்டை இலையும் மாம்பழமும் உண்மையிலேயே ஒன்று சேர்ந்தன. அந்தச் சட்டத்தை 2021 நவம்பர் 1ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 மார்ச் 31ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இரு கட்சிகளின் கூட்டும் வெகுநாள் நிலைக்கவில்லை.

ஆனால் அதற்கு ஐந்து ஆண்டு முன்னால், 2016ல், "மாற்றம் முன்னேற்றம் அன்புமணி" என்று முதல்வர் வேட்பாளராக நின்ற அன்புமணியையே பென்னாகரம் தோற்கடித்தது. வென்றவர் தி.மு.க.வின் இன்பசேகரன். அந்தத் தேர்தலில் பா.ம.க.வுக்கு மாநிலத்தில் ஒரு இடமும் இல்லை. பென்னாகரம் 2011ல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் நஞ்சப்பனைத் தேர்ந்தெடுத்த ஊர் என்பதையும் சொல்ல வேண்டும்.

இடதுசாரிகள் என்றதும் பலர் ஆச்சரியப்படுவார்கள். இந்த மாவட்டத்தில் செங்கொடிக்குத் தனி வரலாறு உண்டு. அரூர் 2006லும் 2011லும் மார்க்சிஸ்ட் கட்சியின் டில்லிபாபுவைத் தேர்ந்தெடுத்தது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம், வாச்சாத்தி அரூர் பக்கம்தான் இருக்கிறது. 1992 ஜூன் 20ல் சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்போது அந்த மக்கள் பக்கம் நின்று வழக்கு நடத்தியது மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும். 2011 செப்டம்பர் 29ல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29ல், உயர் நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. வாச்சாத்திப் பெண்கள் காத்திருந்த அந்த முப்பத்தொரு ஆண்டுகளை நினைக்காமல் அரூரின் அரசியலைப் பேசக் கூடாது.

நாய்க்கன்கொட்டாய் பக்கம் போனால் அப்பு, பாலன் சிலைகளைப் பார்க்கலாம். 1970களின் கடைசியில் நக்சல்பாரி இயக்கம் இந்தக் கிராமங்களில் கந்துவட்டிக்கும் இரட்டைக் குவளைக்கும் எதிராக வேலை செய்தது. 1980ல் காவல்துறை நடவடிக்கையில் பாலன் உயிரிழந்தார். ஏழை வன்னியரும், காலனிக்காரர்களான பட்டியல் சமூகத்தாரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்த காலம் அது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே நாய்க்கன்கொட்டாயை ஒட்டிய நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் 2012 நவம்பர் 7 மாலை எரிந்தன. வன்னியப் பெண்ணுக்கும் காலனி இளைஞருக்கும் நடந்த, சாதி கடந்த ஒரு திருமணமும், அதைத் தொடர்ந்து பெண்ணின் தந்தை உயிரை மாய்த்துக்கொண்டதும் பின்னணி. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, பலவற்றுக்குத் தீ வைக்கப்பட்டது. பெங்களூரில் கட்டட வேலை செய்து, வட்டிக்கு வாங்கி, செங்கல் செங்கல்லாகக் கட்டிய வீடுகள் அவை. அடுத்த ஆண்டு ஜூலையில் அந்த இளைஞர் தருமபுரியில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார்.

2014ன் முடிவை இந்த நெருப்பிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. ஊர் இரண்டாகப் பிளந்து நின்ற நேரத்தில் நடந்த தேர்தல் அது. ஒரு பக்கம் ஓட்டு கெட்டிப்பட்டது. ஆனால் மறுபக்கமும் கெட்டிப்பட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2014, 2019, 2024 என மூன்று மக்களவைத் தேர்தல்களிலும் விடுதலைச் சிறுத்தைகள் தி.மு.க. அணியில் இருந்தார்கள். காலனி ஓட்டு அதன் பிறகு இந்தத் தொகுதியில் பா.ம.க.வுக்கு எதிரில் நிற்கும் வலுவான வேட்பாளர் யாரோ அவரைத் தேடிப் போகிறது என்பது என் கணிப்பு. 2019லும் 2024லும் அந்த வேட்பாளர் தி.மு.க.வைச் சேர்ந்தவர். வெறுப்பின் மேல் கட்டும் வெற்றிக்கு எதிர் விலை உண்டு. அதை இந்த ஊர் தன் வாழ்வைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

சாதியையே பேசிக்கொண்டிருந்தால் தண்ணீர் விட்டுப்போகும். தண்ணீர் விட்டுப்போனால் தருமபுரி புரியாது. என் பள்ளித் தோழர்களில் பாதிப் பேர் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். கிணற்றுத் தண்ணீரிலும் போர்த் தண்ணீரிலும் இருந்த ஃபுளோரைடு பல்லைப் பழுப்பாக்கிவிட்டது. வயதானால் மூட்டும் முதுகும் பிடித்துக்கொள்ளும். காவிரி ஒகேனக்கல்லில் கொட்டி, எங்கள் மாவட்டத்தின் மேற்கு விளிம்பை உரசிக்கொண்டு மேட்டூருக்குப் போகிறது. குடிக்கத் தண்ணீர் எங்களுக்கு வரவில்லை. ஜப்பான் நிதி உதவியோடு 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008ல் தி.மு.க. அரசு அடிக்கல் நாட்டியது. 2013ல் அ.தி.மு.க. அரசு தொடங்கி வைத்தது. திட்டம் வேண்டும் என்று குரல் கொடுத்ததாக பா.ம.க.வும், கம்யூனிஸ்டுகளும் சொல்கிறார்கள். எல்லோர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. அதனால் தண்ணீருக்கு நன்றி ஓட்டு எந்த ஒரு கட்சிக்கும் மொத்தமாகப் போகவில்லை.

குடிநீர் வந்தது, பாசன நீர் வரவில்லை. காவிரியின் உபரி நீரை ஏரிகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பா.ம.க. கையெழுத்து இயக்கம் நடத்தியது, 2024 அக்டோபர் 4ல் அரைநாள் கடையடைப்பும் நடத்தியது. தென்பெண்ணையிலிருந்து எண்ணேகொல்புதூர் கால்வாய், மொரப்பூர் தருமபுரி 36 கிலோமீட்டர் ரயில் பாதை, சிப்காட் என்று ஒவ்வொரு தேர்தலிலும் எல்லா வேட்பாளர் வாயிலும் அதே பட்டியல். யாரும் மறுப்பதில்லை, அதனால் அதை வைத்து வேட்பாளரைப் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. இதற்கு மாறாகக் கையில் வந்து விழும் உதவிக்கு உடனடிக் கணக்கு உண்டு. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை முதலமைச்சர் ஸ்டாலின் 2023 ஜூலை 24ல் தொடங்கி வைக்கத் தேர்ந்தெடுத்த இடம் தொப்பூர், எங்கள் மாவட்டத்து ஊர். 2021ல் ஐந்துக்கு ஐந்தும் இழந்த மாவட்டத்தை அந்தக் கட்சி எவ்வளவு முக்கியமாக நினைத்தது என்பதற்கு அதுவே போதும். 21,300 வித்தியாசத்தில் அந்த ஆயிரம் ரூபாய்க்குப் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன். சாதி எது என்று பார்க்காமல் எங்கள் தெருப் பெண்கள் அதைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

வேலை இல்லாததன் அரசியல் இன்னொன்று. பக்கத்து ஓசூருக்குத் தொழிற்சாலைகள் வந்தன, எங்களுக்கு வரவில்லை. மாம்பழம், தக்காளி, மரவள்ளி, பட்டுக்கூடு எல்லாவற்றிலும் விலை ஒரு வாரம் ஏறும், மறுவாரம் படுக்கும். கொத்தனார், சித்தாள், கல்குவாரி ஆட்கள், பனியன் கம்பெனிப் பிள்ளைகள் என்று ஊர் பாதி பெங்களூரிலும் திருப்பூரிலும் கிடக்கிறது. ஆனால் 2024ல் தமிழ்நாட்டிலேயே அதிகமாக ஓட்டுப் பதிவான தொகுதி தருமபுரி, 81.20 சதவீதம். சென்னைத் தொகுதிகள் அறுபதைத் தொடவே தடுமாறின. வெளியூரில் பிழைக்கிற ஊர் இவ்வளவு ஓட்டுப் போடுகிறது என்றால், அவ்வளவு பேர் சொந்தக் காசில் பஸ் ஏறி வந்து திரும்புகிறார்கள் என்று பொருள்.

2024 ஏப்ரல் 18 இரவு, ஓட்டுக்கு முந்தின நாள், பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். ஓசூர் வழி வந்த ஒவ்வொரு பஸ்சிலும் படிக்கட்டு வரை ஆள். ஒரு கொத்தனார் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, தூங்கும் மகளைத் தோளில் போட்டபடி இறங்கினார். பென்னாகரம் கடைசி பஸ் போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றேன். "பரவால்லீங்ணா, காலைல மொத பஸ்சுக்குப் போயி ஓட்டப் போட்டுட்டு, சாயங்காலமே திரும்பிடணும். நாளன்னிக்கு கான்கிரீட்டு." எந்தச் சின்னம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. துண்டை விரித்து மகளைப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருந்தார்.